இடம் மாறிய கரி

காசிமேட்டிலும் ராயபுரத்திலும் மொட்டை மாடியில் துணி உலர்த்தினால் கரிப்பொடி படிந்த காலம் ஒன்று இருந்தது. சென்னைத் துறைமுகத்தில் திறந்தவெளியில் குவித்திருந்த நிலக்கரியும் இரும்புத் தாதும் காற்றில் பறந்து வந்து சோற்றுப் பானைவரை இறங்கின. 2011-ல் உயர் நீதிமன்றம் தலையிட்டது. அந்த ஆண்டு அக்டோபர் முதல் அங்கே நிலக்கரியைக் கையாள்வது நின்றது. மக்கள் மூச்சுவிட்டார்கள், நல்ல தீர்ப்பு. ஆனால் நிலக்கரியின் தேவை குறையவில்லை. கப்பல்கள் சற்றே வடக்கே தள்ளி, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்குப் போயின.

உலக அளவிலும் நடப்பது இதுதான். பிரிட்டன் தன் கடைசி நிலக்கரி மின் நிலையத்தை 2024 செப்டம்பர் 30 அன்று மூடியது. பாராட்டுவோம். ஆனால் பணக்கார நாட்டுக் கடைகளில் விற்கும் துணியும் செருப்பும் இரும்புச் சாமானும் ஆசியாவின் ஆலைகளிலிருந்துதான் போகின்றன. பொருள் அவர்களுக்கு, புகை நமக்கு. இத்தனைக்கும் ஓர் அமெரிக்கர் ஆண்டுக்கு ஏறத்தாழ 14 டன் கரியமில வாயுவுக்குக் காரணமாகிறார். ஓர் இந்தியர் சுமார் 2 டன். 'நாங்களும் வளர வேண்டும், அவகாசம் கொடுங்கள்' என்று இந்தியா கேட்பதும், 2021-ல் கிளாஸ்கோ மாநாட்டில் நிகர பூஜ்ய உமிழ்வுக்கு 2070-ஐக் கெடுவாகச் சொன்னதும் நியாயமே. காசிமேட்டு விசைப்படகு டீசலில்தான் ஓடுகிறது. பிடித்த மீனைக் காக்கும் ஐஸுக்கு மின்சாரம் வேண்டும். அந்த மீனவரிடம் போய் வளர்ச்சி வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது.

நம் கேள்வி வேறு. உலக மேடையில் நாம் கேட்கும் நியாயத்தை எண்ணூருக்கு நாம் கொடுத்தோமா?

நிலக்கரியை எரித்து ஒரு யூனிட் மின்சாரம் எடுத்தால் ஏறக்குறைய ஒரு கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. அது எல்லார் தலைக்கும் மேலே போய்விடுகிறது. மிஞ்சும் சாம்பல் எங்கும் போவதில்லை. நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல்தான். எண்ணூர் வட்டார மின் நிலையங்களில் அதைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். குழாய் உடையும் இடங்களில் அது கொசஸ்தலை ஆற்றில் இறங்குகிறது. இறாலும் நண்டும் மடவையும் கிடைத்த ஆற்றில் இன்று காலை வைத்தால் சாம்பல் சேறு. ஆழம் தூர்ந்துபோன கழிமுகத்தில் படகு தரைதட்டுகிறது. சாம்பல் குளத்தை ஒட்டியிருக்கும் செப்பாக்கத்துக்காரர்கள் மூச்சோடு சேர்த்துச் சாம்பலையும் இழுக்கிறார்கள்.

வல்லூரிலும் அத்திப்பட்டிலுமாக இந்தச் சிறு வட்டாரத்துக்குள்ளேயே 4,000 மெகாவாட்டுக்கு மேல் அனல் மின் நிலையங்கள் இருக்கின்றன. 2024-25-ல் தமிழகப் பொருளாதாரம் 11.19 சதவீதம் வளர்ந்ததாகப் பெருமைப்படுகிறோம். பெருமைப்பட வேண்டியதுதான். அந்த வளர்ச்சிக்கு மின்சாரம் தந்த ஊரின் ஆறு அழிந்தது மட்டும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. கணக்கில் ஏற்றியிருந்தால் நிலக்கரி மின்சாரத்தை மலிவு என்று யாரும் சொல்லியிருக்க முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும், 2017-ல் மூடிய பழைய எண்ணூர் அனல் மின் நிலைய வளாகத்தில் 660 மெகாவாட்டுக்குப் புதிய நிலக்கரி அலகு திட்டமிடப்பட்டிருக்கிறது. 2024 டிசம்பரில் எர்ணாவூரில் நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில் மக்கள் அதை எதிர்த்தார்கள். அவர்கள் மின்சாரத்துக்கு எதிரிகள் அல்லர். சுமந்தது போதும் என்கிறார்கள். காற்றாலையில் நாட்டுக்கே முன்னோடியாக இருந்த மாநிலம் இது. வெயிலுக்கும் இங்கே பஞ்சமில்லை.

தமிழக அரசு அந்த 660 மெகாவாட் திட்டத்தைக் கைவிட வேண்டும். சாம்பல் குழாய்களை மாற்றி, கொசஸ்தலை ஆற்றில் படிந்த சாம்பலை அள்ள வேண்டும். அதற்கான செலவை மின் நிலையங்களே ஏற்க வேண்டும்.