கோடி ரூபாய்க் காரும் புதுக்கோட்டைச் சைக்கிளும்

சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு புதுக் கார் கடைக்கு வந்து இறங்கினால் பேப்பரில் படம் வருகிறது. நாமும் பார்க்கிறோம். பார்க்காமல் இருக்க முடியுமா?

சிவப்பு நிறம். தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது. இரண்டே பேர் உட்காரலாம். விலை நான்கு கோடி ரூபாய், ஆறு கோடி ரூபாய்! நின்ற இடத்திலிருந்து புறப்பட்டு ஏறக்குறைய மூன்றே வினாடியில் 100 கிலோமீட்டர் வேகத்தைப் பிடித்துவிடும். முழு வேகத்தில் விட்டால் மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேலே போகும்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். புதுக்கோட்டையிலிருந்து திருச்சி சுமார் 55 கிலோமீட்டர். இந்தக் கார் முழு வேகத்தில் பறந்தால் 11 நிமிடத்தில் போய்விடலாம். கீரனூரில் ஒரு ஆடு குறுக்கே வராமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான்!

வேகத்தடை வந்தால் இந்தக் காருக்கு வயிறு இடிக்கும். அதற்காக மூக்கைத் தூக்கிக்கொள்ள ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள் சில கம்பெனிக்காரர்கள். ஆறு கோடி கொடுத்தவரும் வேகத்தடைக்கு முன்னால் பணிந்துதான் போகவேண்டும்.

ராஜா பணமும் சொந்தப் பணமும்

ஆடம்பரம் என்பது புதுக்கோட்டைக்குப் புதிது அல்ல. இது ராஜா ஆண்ட ஊர். மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் 1915-ல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மோலி பிங்க் என்ற பெண்ணை மணந்தார். வெள்ளைக்கார சர்க்கார் அவரை ராணி என்று ஒப்புக்கொள்ளவில்லை. ராஜா பிரான்சு நாட்டில் கேன் நகரில் போய்க் குடியேறினார். 1928-ல் பாரிசில் காலமானார். கடல் கடந்து அவர் வாழ்ந்த வாழ்வுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? இங்கே வெயிலில் உழுதவன் கொடுத்த வரியிலிருந்து வந்தது.

இன்று அப்படி இல்லை. கார் வாங்குகிறவர் தம் பணத்தில் வாங்குகிறார். வாங்கும்போது வரியும் கட்டுகிறார். வெளிநாட்டிலிருந்து முழுசாக வரும் விலை உயர்ந்த காருக்குப் பல ஆண்டுகளாக நூறு சதவீதமும் அதற்கு மேலும் சுங்கவரி. கார் விலை ஒரு பங்கு என்றால் சுங்கவரி இன்னொரு பங்கு. இரண்டையும் கூட்டி அதன் மேல் ஜி.எஸ்.டி. பெரிய கார்களுக்கு அது 2025 செப்டம்பர் முதல் 40 சதவீதம். பிரிட்டனுடன் 2025 ஜூலையில் கையெழுத்தான ஒப்பந்தம், அந்த நாட்டிலிருந்து வரும் ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கைக் கார்களுக்குச் சுங்கவரியைப் படிப்படியாக 10 சதவீதத்துக்குக் குறைக்க வழி செய்கிறது.

காசு உள்ளவர் வாங்கட்டும். வரியைக் கட்டட்டும். அந்த வரியில் நமக்கும் ஒரு ரோடு வரட்டும். இதில் எனக்குப் பொறாமை இல்லை.

என் கவலை வேறு.

இரண்டு உயிர்

இந்தக் காருக்கு உள்ள வேகத்தில் பாதியைக்கூட நம் நாட்டு ரோட்டில் சட்டம் அனுமதிப்பது இல்லை. பிறகு எதற்கு அந்த வேகம்? காட்டுவதற்குத்தான். காட்டும்போதுதான் ஆபத்து வருகிறது.

2024 மே 19-ந்தேதி, விடியாத நேரம். புனே நகரில் ஒரு போர்ஷே கார் பாய்ந்து வந்து மோட்டார் சைக்கிள் மீது மோதியது. அதில் வந்த இரண்டு பேரும் செத்தார்கள். ஒரு வாலிபர், ஒரு இளம்பெண். இரண்டு பேரும் கம்ப்யூட்டர் என்ஜினீயர்கள். காரை ஓட்டியது 17 வயதுப் பையன் என்றார்கள் போலீசார். அந்தக் காருக்கு நிரந்தரப் பதிவு எண்ணும் இல்லை.

அந்தப் பையனுக்கு அன்றைக்கே ஜாமீன் கிடைத்தது. விபத்தைப் பற்றி 300 சொல்லில் கட்டுரை எழுது என்று ஒரு நிபந்தனை! நாடே கொதித்தது. பிறகுதான் அவனைக் காப்பகத்துக்கு அனுப்பினார்கள்.

"அது பணக்காரன் வீட்டுக் கதை, நமக்கு என்ன?" என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள்.

ஆறு கோடிக் கார் நம் ஊருக்கு வராமல் இருக்கலாம். அதன் படம் வருகிறது. பையன் கையில் உள்ள போனில் வருகிறது. அவனால் அந்தக் காரை வாங்க முடியாது. ஆனால் அந்த வேகத்துக்கு ஒரு தம்பி இருக்கிறான். அவன் பெயர் மோட்டார் சைக்கிள். முன் பணம் கொஞ்சம் கட்டினால் போதும், மீதி மாதத் தவணை. பிளஸ் டூ முடிப்பதற்குள் பையன் அழுகிறான், சாப்பிடமாட்டேன் என்கிறான். அம்மா தோட்டைக் கழற்றிக் கொடுக்கிறாள். அப்பா கையெழுத்துப் போடுகிறார்.

2022-ல் மட்டும் நம் நாட்டில் ரோட்டு விபத்தில் செத்தவர்கள் 1 லட்சத்து 68 ஆயிரத்துக்கு மேல். அதில் பத்தில் ஏழு சாவுக்கு அதிவேகம் காரணம் என்று மத்திய சர்க்கார் கணக்குச் சொல்கிறது.

சட்டம் சொல்வதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினார்கள். 18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், தண்டனை வண்டியின் சொந்தக்காரருக்கோ பெற்றவருக்கோதான். மூன்று ஆண்டு வரை ஜெயில். 25 ஆயிரம் ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. அந்தப் பையனுக்கு 25 வயது வரை லைசென்சு கிடையாது. "எனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான்" என்றால், அதை நீங்கள்தான் நிரூபிக்கவேண்டும்.

பெண்கள் பிடித்த வேகம்

வண்டி என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது வேறு ஒரு புதுக்கோட்டைக் காட்சி.

1991, 1992-ம் ஆண்டுகளில் இந்த ஜில்லாவில் அறிவொளி இயக்கம் நடந்தது. படிக்கத் தெரியாதவர்களுக்கு இரவில் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற அம்மையார். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுப்போம் என்றார். சைக்கிள் வாங்கக் கடன் கொடுக்கும்படி பாங்குகளிடம் பேசினார்.

யார் யார் கற்றுக்கொண்டார்கள் தெரியுமா? வயலில் கூலி வேலை செய்த பெண்கள், கல் உடைத்த பெண்கள், நர்சுகள், பால்வாடி ஆயாக்கள், டீச்சர்கள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார்கள். தெருவில் நின்ற ஆண்கள் கேலி பேசினார்கள், கெட்ட வார்த்தையும் பேசினார்கள். அவர்கள் பெடலை மிதித்துக்கொண்டே போனார்கள்.

1992 மகளிர் தினத்தன்று 1,500 பெண்களுக்கு மேல் கொடி கட்டிய சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் ஊர்வலம் வந்தார்கள். அப்போது இங்கே வந்து பார்த்து எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத், சைக்கிள் கற்ற கிராமத்துப் பெண்கள் ஒரு லட்சத்துக்கு மேல் என்று எழுதினார்.

கடைகளில் பெண்கள் சைக்கிள் போதவில்லை. காத்திருக்கப் பொறுமை இல்லாமல் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். நடுவில் உள்ள கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே கேட்டு வாங்கியவர்களும் உண்டு!

அந்தச் சைக்கிள் மணிக்கு 300 கிலோமீட்டர் போகவில்லை. பத்து, பன்னிரண்டு போயிருக்கும். பஸ்சுக்காக ரோட்டோரம் நிற்கும் நேரம் மிச்சமாயிற்று. விளைந்ததை நாலு ஊருக்குக் கொண்டுபோய் விற்க முடிந்தது. தண்ணீர்க் குடம் இடுப்பிலிருந்து காரியருக்குப் போயிற்று. யாரையும் கேட்காமல் ஒரு பெண் வெளியே போய்த் திரும்ப முடிந்தது. எனக்கு இதுதான் பெரிய வேகமாகத் தெரிகிறது. ஆறு கோடிக் கார் யாருக்காவது இத்தனை செய்யுமா?

அடுத்த மாதம் தவணைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட இருக்கும் அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் இன்று யார் நடந்து போகிறார் என்று முதலில் பாருங்கள். அம்மா ரேஷன் கடைக்கு நடக்கிறாளா? காலேஜுக்குப் போகும் பெண் கடைசி பஸ்சை எண்ணி வகுப்பை விட்டு ஓடி வருகிறாளா? அந்தப் பணத்தில் ஒரு சாதாரண ஸ்கூட்டர் வாங்குங்கள். சாவியை அந்தப் பெண்ணிடம் கொடுங்கள். லைசென்சு எடுத்த பிறகு தம்பியும் ஓட்டட்டும், அக்காவைக் கேட்டுக்கொண்டு!