நிறுத்துப் பார்த்து வாங்குங்கள்

 

ஹஜ்ஜுப் பெருநாள் வருகிறது. பிறகு ஓகஸ்ட் விடுமுறைக்கு வெளிநாட்டு உறவுகளும் வருவார்கள். இந்தக் காலத்தில்தான் எங்கள் பக்கத்தில் பார்பிகியூ அடுப்புகள் அதிகம் விற்கின்றன. கறுப்புப் பெயின்ற் அடித்து, கால் மடித்து, சூட்கேஸ் போலத் தூக்கிப் போகக்கூடிய அடுப்பு. பெட்டியில் படம் அழகாக இருக்கும். இரண்டு தரம் சுட்டதும் அடித்தகடு வளையும். மாரி முடிந்து எடுத்துப் பார்த்தால் கறள் தின்று ஓட்டை. பழைய இரும்புக்காரருக்குப் போடலாம் என்றால் அதற்கும் நிறை இல்லை.

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அந்தப் பெட்டியை வாங்குவதைவிட, மருதனார்மடம், சுன்னாகம் பக்கத்து வெல்டிங் கடை ஒன்றில் அளவு கொடுத்துச் செய்விப்பது நல்லது. காசு கொஞ்சம் கூடப் போகும். ஆனால் அடுப்பு பிள்ளைகளின் பிள்ளைகளுக்கும் மிஞ்சும்.

ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ஆசிரியர்கள் கணக்கு இல்லாமல் விடமாட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். 1 மில்லிமீற்றர் தடிப்புள்ள இரும்புத் தகடு ஒரு சதுர மீற்றர் 7.85 கிலோ நிறுக்கும். 18 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 6 அங்குல ஆழமுள்ள பெட்டிக்கு ஏறத்தாழ 0.37 சதுர மீற்றர் தகடு போகும். 0.6 மில்லிமீற்றர் தகட்டில் அடித்தால் அந்தப் பெட்டி ஒன்றேமுக்கால் கிலோ. பக்கங்களை 2 மில்லிமீற்றரிலும் அடியை 3 மில்லிமீற்றரிலும் அடித்தால் ஏழு கிலோ. அந்த ஐந்து கிலோ வித்தியாசத்தில்தான் அடுப்பின் ஆயுள் இருக்கிறது. கால், கம்பி, மூடி எல்லாம் சேர்ந்தாலும் நிரம்பிய காஸ் சிலிண்டரை விட இலேசு; ஒரு ஆள் தூக்கி ஓட்டோவில் வைக்கலாம். கடைக்குத் தராசு கொண்டுபோகத் தேவையில்லை. ஒரு விரலில் தொங்கினால் வைத்துவிட்டு வாருங்கள்.

இப்படிச் செய்விப்பது ஏதோ மலிவு வழி என்று நினைக்க வேண்டாம். உலகம் முழுவதும் விற்கும் வெபர் என்ற உருண்டை அடுப்பு பிறந்ததும் ஒரு இரும்பு வேலைக் கடையில்தான். சிக்காகோவுக்குப் பக்கத்தில் வெபர் பிரதர்ஸ் மெட்டல் வேர்க்ஸில் வேலை செய்த ஜோர்ஜ் ஸ்டீபன், 1952இல் கடல் மிதவைக்குரிய இரும்புக் கோளத்தைப் பாதியாக்கிக் கால் பூட்டினார். எங்கள் வெல்டிங் கடை அண்ணைமாருக்கு அது ஒரு பின்னேர வேலை.

தகட்டில் ஒரு எச்சரிக்கை. கூரைக்குப் போடும் கல்வனைஸ் தகடு வேண்டவே வேண்டாம். அதன் மேல் பூச்சு நாகம். கரித் தணலின் சூட்டில் அது உரியும், ஆவியும் வரும். கல்வனைஸ் குழாயை ஒட்டிய அன்று இரவு காய்ச்சல் வந்த கதையை எந்த வெல்டரிடமும் கேட்கலாம். பழைய ஃபிரிட்ஜ் தட்டைச் சுடுகம்பியாகப் பாவிப்பதும் இதே வகைப் பிழை. சிலவற்றில் கட்மிய முலாம் இருக்கும். சுடுகம்பிக்கு மட்டும் ஸ்டெயின்லெஸ் கம்பி போடுங்கள். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டெயின்லெஸ் என்று சொல்வார்கள். அது பாதி உண்மை. 304 வகையிலும் காந்தம் ஒட்டாது, அதைவிடக் குறைந்த 201 வகையிலும் ஒட்டாது. தெரிந்த இடத்தில் வாங்குவதுதான் வழி.

கம்பி 8 மில்லிமீற்றராவது இருக்கட்டும். "இறைச்சி சுட உவ்வளவு தடிப்பு என்னத்துக்கு, சேர்?" என்று கடைக்கார அண்ணை கேட்பார். சோற்றுப் பானை வைக்க என்று சொல்லுங்கள். அவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

தூக்கிக்கொண்டு போகக்கூடிய அடுப்பு என்றதும் இந்த மண்ணில் எல்லோருக்கும் கடற்கரைப் பயணம் ஞாபகம் வருவதில்லை. 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களான நாங்கள் விடுதலைப் புலிகளால் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றப்பட்டோம். புத்தளத்து ஓலைக் கொட்டில்களுக்கு முன்னால் மூன்று கல் வைத்து உலை ஏற்றினார்கள் எங்கள் உம்மாமார். சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995இல் அதே ஒக்டோபர் 30 அன்று, வலிகாமத்துச் சனம் மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தது. அவர்களுக்கும் போன இடத்தில் மூன்று கல்தான். யுத்தம் முடிந்து பல வருடம் கழித்து, 2022இல் காஸ் வரிசை. ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டர் 4,800 ரூபாவைத் தாண்டியது, அந்த விலைக்கும் சிலிண்டர் கிடைக்கவில்லை. அந்த மாதங்களில் தகர பார்பிகியூ அடுப்பில் பானை வைத்த வீடுகளில் கால் மடிந்து சோறு கொட்டியது. ஒரு வீட்டில் காஸ் இல்லாமலும் கரண்ட் இல்லாமலும் எரியும் அடுப்பு ஒன்று இருக்கவேண்டும். அது வருடத்தில் நாலு நாள் இறைச்சி சுடவும் உதவினால் சந்தோசம்.

எரிபொருளுக்கு வெளியே அலைய வேண்டாம். சிரட்டை எல்லா வீட்டிலும் இருக்கிறது. காற்றுக் குறைத்து எரித்தால் பத்துக் கிலோ சிரட்டையில் மூன்று கிலோ அளவு கரி வரும். சிரட்டைக்கரி நல்ல இறுக்கமானது, புகை குறைவு, சாம்பலும் குறைவு. ஒரு காலத்தில் இஸ்திரிப் பெட்டிக்குப் போட்ட அதே கரிதான். பிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அவசரப்பட்டு மண்ணெண்ணெய் ஊற்றுகிறவர்களுக்கு இறைச்சியும் மண்ணெண்ணெய் மணக்கும்.

கரியை அடித்தகட்டில் நேரே கொட்டக்கூடாது. அடியிலிருந்து ஒரு அங்குலம் உயர்த்தி உள்ளே இன்னொரு கம்பித்தட்டு வையுங்கள். காற்றும் போகும், அடித்தகடும் பிழைக்கும். பக்கத்தில் திறந்து மூடும் காற்றுத் துவாரம் வேண்டும். சுட்டு முடிந்ததும் துவாரத்தையும் மூடியையும் அடைத்தால் தணல் அணைந்து மிச்சக் கரி அடுத்த முறைக்கு உதவும். தண்ணீர் ஊற்றி அணைப்பதால்தான் பாதி அடுப்புகள் செத்துப் போகின்றன. சாம்பல் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். ஈரச் சாம்பல் ஒரு மாரி முழுக்க உள்ளே கிடந்தால் 3 மில்லிமீற்றர் தகட்டையும் தின்னும். ஆறிய பிறகு சாம்பலைக் கொட்டி, தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் ஒருக்கால் துடைத்து வைத்தால் போதும்.

அணைந்துவிட்டது என்று நம்பி அடுப்பை வீட்டுக்குள்ளேயோ வானுக்குள்ளேயோ வைக்காதீர்கள். தணல் கண்ணுக்குத் தெரியாமலும் காபனோரொட்சைட்டு விடும். அதற்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. நுவரெலியாவில் குளிருக்கு அறைக்குள் பார்பிகியூ அடுப்பை வைத்துப் படுத்தவர்கள் எழும்பாமல் போன செய்திகளை நாங்கள் எல்லோரும் வாசித்திருக்கிறோம். கசூரினாவுக்கும் சாட்டிக்கும் போகிறவர்கள் தணலை மணலில் புதைத்துவிட்டு வருவதும் கொடுமை. மணலுக்குள் அது மணித்தியாலக் கணக்கில் சூடாகவே கிடக்கும். அடுத்து ஓடி வருவது ஒரு சின்னப் பிள்ளையின் வெறுங்கால்.

மூடி பற்றி இன்னும் ஒன்று. இது எங்களவர்களுக்கு. மருதனார்மடத்தில் ஆஞ்சநேயர் கோவிலைச் சுற்றி எத்தனையோ மரக்கறி வீடுகள். நல்லூர்க் கொடியேறினால் இருபத்தைந்து நாளும் மச்சம் தொடாத அயலவர்கள் இருக்கிறார்கள். ரமழானில் எங்கள் முன்னால் தண்ணீர் குடிக்கக்கூடத் தயங்குகிறவர்கள் அவர்கள். மூடியுள்ள அடுப்பில் கொழுப்பு வழிந்து எழும் புகை குறையும். அடுப்புக்குக் காலும் கைபிடியும் இருக்கிறதே, காற்று அவர்கள் பக்கம் வீசினால் வளவின் மற்றப் பக்கத்துக்குத் தூக்கிப் போகலாம். மூடி இல்லாமல் செய்தால் காசு மிச்சம் என்று கடையில் சொன்னாலும் மூடியோடு செய்யுங்கள்.

கைபிடி பனை வைரத்தில் இருக்கட்டும். இரும்பில் போட்டால் முதல் நாளே மூடியைத் திறக்கத் துணி தேட வேண்டிவரும்.