முதல் தலைவர் தமிழர். நம் பிள்ளைக்குச் சான்றிதழ் இல்லை!

இந்தியக் குடியரசுக் கட்சியின் முதல் தலைவர் யார்? விஷ்ராந்த்வாடியில் நீலக்கொடி பிடிக்கும் தோழர்கள் பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள். பாபாசாகேப் அம்பேத்கர் என்பார் ஒருவர். தாதாசாகேப் கெய்க்வாட் என்பார் இன்னொருவர். இரண்டும் தவறு. பாபாசாகேப் 1956 டிசம்பர் 6-ல் மறைந்துவிட்டார். கட்சி பிறந்தது 1957 அக்டோபர் 3-ல், நாகபுரியில். அதன் முதல் தலைவராக அமர்ந்தவர் சென்னைத் தமிழர் ராவ்பகதூர் என். சிவராஜ். மராட்டியத் தோழர்களுக்குத் தெரியாவிட்டால் போகட்டும். நம் தமிழர்களிலேயே பலருக்குத் தெரியாதே, அதை எங்கே போய்ச் சொல்ல!

பழம்பெருமை பேச இதை எழுதவில்லை. அந்தத் தலைவர்கள் எதைக் கேட்டார்கள், எதைப் பெற்றுத் தந்தார்கள், இன்று அவர்கள் படத்தைப் பதாகையில் போடுகிறவர்கள் எதைக் கேட்க மறந்தார்கள் என்பதே நம் கேள்வி. அந்த மறதிக்கு விலை கொடுப்பவர்கள் கிர்க்கியிலும் எரவாடாவிலும் விஷ்ராந்த்வாடியிலும் வாழும் ஆதிதிராவிடக் குடும்பங்கள்.

சிவராஜ் சட்டக் கல்லூரி ஆசிரியர், நீதிக்கட்சிக்காரர், சென்னை மேயராகவும் இருந்தவர். 1942 ஜூலையில் நாகபுரியில் கூடிய மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, அங்கே உருவான அகில இந்திய ஷெட்யூல்டு வகுப்பினர் சம்மேளனத்தின் தலைவரானார். அதே மாதத்தில் பாபாசாகேப் வைசிராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். உள்ளே ஒருவர், வெளியே ஓர் அமைப்பு. பலன் கைமேல் வந்தது. 1943-ல் மத்திய அரசுப் பணிகளில் எட்டே கால் சதவீதத்துக்குச் சற்று மேல் ஒதுக்கீடு. 1946-ல் அது பன்னிரண்டரை. 1944-ல் மெட்ரிக்குலேஷனுக்கு மேல் படிக்கும் மாணவர்களுக்கு உதவித்தொகை. 1945-ல் சிம்லா மாநாட்டில் தாழ்த்தப்பட்டோரின் பிரதிநிதியாக உட்கார்ந்தவரும் சிவராஜ்தான். மத்திய அரசு அலுவலகத்தில் ஒதுக்கீட்டு இடத்தில் உட்கார்ந்திருக்கும் நம் தம்பிமார்கள் இந்த ஆண்டுகளை ஒருமுறையாவது நினைக்க வேண்டும். சர்க்கார் தானாகக் கனிந்து கொடுத்ததல்ல அந்த நாற்காலி.

1964 செப்டம்பர் 29-ல் சிவராஜ் மறைந்தார். அடுத்த சில நாட்களில் கட்சியின் பத்துக் கோரிக்கைகள் பிரதமர் சாஸ்திரியின் கையில் கொடுக்கப்பட்டன. பாராளுமன்ற மைய மண்டபத்தில் அம்பேத்கர் படம், உழுபவனுக்கு நிலம், தரிசு நிலம் நிலமற்றவனுக்கு, குறைந்தபட்சக் கூலிச் சட்டம் முழுமையாக நடக்க வேண்டும், குடிசைவாசிகளுக்கு வாழ்வு, பௌத்தம் தழுவியோருக்கும் சலுகை. டிசம்பர் 6-ல் கெய்க்வாட் தலைமையில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. லட்சத்துக்கு மேற்பட்டோர் சிறை புகுந்தார்கள். கூலிக்காரர்களும் பெண்களும் கைக்குழந்தையோடு போன போராட்டம் அது. பட்டம், பதவி எதுவும் காத்திருக்கவில்லை.

மைய மண்டபத்தில் படம் ஏறியது 1990-ல். பௌத்தர்களுக்கு மத்தியச் சலுகை கிடைத்ததும் 1990-ல். இருபத்தாறு ஆண்டு! நிலம்? அதைப் பற்றி இன்று எந்தக் கோஷ்டி பேசுகிறது?

அதே 1990-ல்தான் நம் தலையில் இடி விழுந்தது. ஆந்திரத்திலிருந்து வந்து பம்பாயில் மருத்துவ இடம் கேட்ட ஒரு மாணவரின் வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது: பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனி, பிறந்த மாநிலத்தின் சலுகை குடிபோன மாநிலத்தில் செல்லாது. அரசியலமைப்பின் 341-வது பிரிவில் 'அந்த மாநிலத்தைப் பொறுத்தமட்டில்' என்று வரும் சொற்களே அதற்கு ஆதாரம். மராட்டியத்தில் குடியேறியோருக்காக ஒரு நடவடிக்கைக் குழு தொடுத்த வழக்கிலும் 1994-ல் அதே தீர்ப்பு. 2018-ல் ஐந்து நீதிபதிகளும் அதையே உறுதி செய்தார்கள். 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே குடும்பம் இங்கே இருந்ததற்குத் தாள் கொண்டு வா என்கிறது தாசில் அலுவலகம். வெடிமருந்துத் தொழிற்சாலையில் மூட்டை சுமந்த பாட்டன் எந்தத் தாளைப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனான்?

சரி, ஊருக்கே போ என்பார்கள். அங்கே இருப்பிடச் சான்றிதழ் கேட்கிறார்கள். பிள்ளை பிறந்தது பூனாவில், படித்தது பூனாவில். ரயில் ஏறி வந்தவனோடு சாதியும் ஏறி வந்தது. சலுகையை மட்டும் எல்லையில் இறக்கி விட்டார்கள்.

உள்ளூர்த் தோழர்களுக்கு ஓர் அச்சம் உண்டு. வெளியிலிருந்து வந்தவர்கள் பங்கு கேட்டால் மகார், மாங் பிள்ளைகளின் இடம் குறையாதா? நியாயமான அச்சம்தான், நாம் அதைக் கேலி செய்யவில்லை. அவர்கள் இலையிலிருந்து எடுத்து நமக்கு வை என்று நாம் கேட்கவில்லை. இங்கேயே பிறந்து இங்கேயே பள்ளி முடித்த பிள்ளைகளுக்கு, இப்போதுள்ள ஒதுக்கீட்டுக்கு மேல் கூடுதல் இடம் கொடு என்கிறோம். குடிபெயர்ந்தோர் பிரச்சினையைப் பாராளுமன்றம் தகுந்த சட்டத்தின் வழி ஆராயலாம் என்று 1990 தீர்ப்பே கோடி காட்டியிருக்கிறது. வழி அடைபட்டுக் கிடக்கவில்லை, நடக்கத்தான் ஆளில்லை.

ஆள் இல்லாமலா போனார்கள்? 1998-ல் கோஷ்டிகள் ஒன்றுகூடி நின்றபோது மராட்டியத்தின் பொதுத் தொகுதிகளிலிருந்தே நான்கு பேர் மக்களவைக்குப் போனார்கள். பிறகு மறுபடி நான்கு திசை. 2016-ல் கட்சியின் ஒரு பிரிவின் தலைவர் ராம்தாஸ் அத்வாலே மத்திய சமூகநீதித் துறையின் இணையமைச்சரானார். பட்டியலைக் கையில் வைத்திருக்கும் துறையே அதுதான்! சட்டம் வந்ததா? வரவில்லை. சிவராஜும் கெய்க்வாடும் அமைச்சர் பதவி இல்லாமல் கேட்டார்கள். இவர்கள் பதவியில் இருந்துகொண்டு மௌனம் காக்கிறார்கள்.

நம் பக்கமும் குறை உண்டு. சங்கத்தில் பொங்கல் விழாவுக்கு முன்வரிசை யாருக்கு என்று சண்டை போடுகிறோம். சான்றிதழ் மனுவில் கையெழுத்துக் கேட்டால் 'நமக்கெதற்கு' என்று நழுவுகிறோம். சாதியை மறைத்து வாழ்வதே மரியாதை என்று நினைப்பவர்களும் நம்மிடையே உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்ல இந்த இதழில் இடமில்லை.

அடுத்த தேர்தலில் நீலக்கொடியோடு வாசலுக்கு வருகிறவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: குடிபெயர்ந்தோர் சட்டத்துக்கு மசோதா கொண்டு வருவீரா? எழுத்தில் வாங்குங்கள்.

அதுவரை ஒரு காரியம். தகப்பனார் தமிழ்நாட்டில் வாங்கிய சாதிச் சான்றிதழ் இருந்தால், அதைக் காட்டிப் பிள்ளைக்கு இங்கேயே குடிபெயர்ந்தோர் சான்றிதழ் பெற மத்திய உள்துறையின் 1985 பிப்ரவரி 22 கடிதம் இடம் தருகிறது. மாநிலச் சலுகைக்கு அது உதவாது. மத்திய அரசுப் பணிக்கு உதவும். குமாஸ்தா தெரியாது என்று கைவிரித்தால், கடிதத்தின் நகலை மேஜைமேல் வைத்துவிட்டு, மனு பெற்றதற்கு ரசீது கேளுங்கள்.