கறுத்த திரை அணைந்த திரை அல்ல

லிட்டில் இந்தியாவிலிருந்து பொடிநடையாகப் போனால் சிம் லிம் ஸ்கொயர் வந்துவிடும். வீட்டில் இருக்கும் பழைய கணினிக்கு இரண்டாவது திரை தேடி அங்கே போகிறவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்துவிட்டதால், நன்றாக ஓடும் கணினியைக் குப்பைக்கு அனுப்பாமல் அதில் லினக்ஸ் போட்டிருந்தால், பாராட்டுகள். ஒரு கேள்வி: அந்த இரண்டாவது திரையை எப்படி அணைக்கிறீர்கள்?

பொத்தானை அழுத்தித்தானே? அது திரையின் விளக்கை அணைக்கும். கணினிக்குப் பெரும்பாலும் அது தெரியவே தெரியாது.

காரணம் கேபிளில் இருக்கிறது. எச்டிஎம்ஐ கேபிள் வழியே கணினி 5 வோல்ட் மின்சாரம் அனுப்புகிறது. திரைக்குள் இருக்கும் சிறிய நினைவகச் சில்லு அந்த மின்சாரத்திலேயே இயங்கி, தன் பெயரையும் அளவையும் சொல்லும். அதனால் பல திரைகள், சுவர் சுவிட்சை அணைத்த பிறகும், 'உள்ளேன் ஐயா' என்று கணினிக்கு வருகை கொடுத்துக்கொண்டே இருக்கும். கணினியும் நம்பிப் படம் அனுப்பும். 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரைக்கு நொடிக்கு 60 முறை என்றால், 12 கோடிக்கும் அதிகமான புள்ளிகள். பார்க்க ஆளில்லாத நாடகம்!

மின்சாரத்துக்காக நான் இதைச் சொல்லவில்லை. திரைதான் அதிகம் இழுக்கும். அதைப் பொத்தானே மிச்சப்படுத்திவிடும். என் கவலை வேறு. இரண்டு திரைகளும் கணினிக்கு ஒரே நீளமான மேசை. கறுத்துப்போன பாதியில் உங்கள் நண்பர்களின் குழு அரட்டை திறந்தே கிடக்கிறது. வீட்டிலிருந்து கற்கும் நாளில் ஆசிரியர் திரையைப் பகிரச் சொல்கிறார். பட்டியலில் இரண்டு திரைகள் இருக்கும். தவறானதைத் தொட்டால், உங்கள் கண்ணுக்குத் தெரியாதது வகுப்பு முழுவதற்கும் தெரியும்.

ஆகவே கணினியிடமே சொல்லுங்கள். அமைப்புகளில் 'டிஸ்ப்ளே' பக்கத்தில் அந்தத் திரையை முடக்கலாம். ஆனால் ஒரு முறையாவது கட்டளையைத் தட்டிப் பாருங்கள் என்பேன். உள்ளே நடப்பது அப்போதுதான் புரியும். எக்ஸ் என்னும் சாளர முறை 1984இல் எம்ஐடியில் பிறந்தது. அதில் ஓடும் கணினி என்றால், முனையத்தில் 'எக்ஸ்ரேண்டர்' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். 'ரிசைஸ் அண்ட் ரொட்டேட்' என்பதன் சுருக்கம் அந்தப் பெயருக்குள் இருக்கிறது. எந்தத் துளையில் எந்தத் திரை என்று பட்டியல் வரும். அதே சொல்லுக்குப் பின், இரண்டு சிறுகோடு போட்டு 'அவுட்புட்', துளையின் பெயர், மறுபடி இரண்டு சிறுகோடு போட்டு 'ஆஃப்'. பெரும்பாலான லினக்ஸ்களில் அங்கிருந்த சாளரங்கள் மீதமுள்ள திரைக்கு ஓடிவந்துவிடும்.

புதிய லினக்ஸ்களில் எக்ஸுக்குப் பதில் வேலண்ட் இருக்கும். அங்கே இந்தக் கட்டளை வேலை செய்யாது. அமைப்புகள் பக்கமே எளிய வழி. பள்ளி நிர்வகிக்கும் கற்றல் சாதனத்தில் இந்தச் சோதனை வேண்டாம்.

எல்லாரும் ஒரு முறையாவது செய்யும் தவறு, பார்த்துக்கொண்டிருக்கும் திரையையே அணைத்துவிடுவது. பிறகு திருத்த எங்கே பார்த்துத் தட்டுவது? அதனால் முதல் முயற்சியில், அதே வரியில் ஓர் அரைப்புள்ளி வைத்து 'ஸ்லீப் 15' என்றும், இன்னோர் அரைப்புள்ளிக்குப் பின் எக்ஸ்ரேண்டருடன் இரண்டு சிறுகோடு 'ஆட்டோ' என்றும் சேர்த்துவிட்டு என்டரை அழுத்துங்கள். 15 நொடி கழித்துக் கணினியே இணைந்துள்ள திரைகளை மீண்டும் எழுப்பிவிடும். அதுவரை கேபிளைப் பிடுங்காமல் இருங்கள்.