ஹர்ஷத் ரசிகர் மன்றத்துக்கு ஒரு கேள்வி

பி.காம் பசங்களிடம் "என்ன பார்க்கலாம்?" என்று கேட்டால் ரெண்டே பதில்தான். 2013ல் வந்த 'தி வுல்ஃப் ஆஃப் வால் ஸ்ட்ரீட்', 2020ல் வந்த 'ஸ்கேம் 1992'. ரெண்டும் நன்றாக எடுக்கப்பட்டவைதான், மறுக்கவில்லை. ஆனால் பார்த்து முடித்ததும் நம்மாட்கள் செய்வது என்ன? ஹர்ஷத் மேத்தா வசனத்தை ஸ்டேட்டஸில் வைக்கிறார்கள்! பணத்தை இழந்தவன் ஒருவனுடைய முகமாவது ஞாபகம் இருக்கிறதா?

பற்று இருந்தால் வரவும் இருக்கும் என்பதுதானே நாம் படித்த முதல் பாடம்? கதையில் மட்டும் ஏன் ஒரு பக்கத்தோடு நிறுத்திவிடுகிறோம்?

மறுபக்கம் வேண்டுமா? பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) பாருங்கள். பாட்டு கிடையாது, ஃபைட் கிடையாது. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னதால், மாதச் சம்பளக்காரி சுதா சின்னதாய் ஒரு வீடு கட்டக் கிளம்புகிறாள். கடன், லஞ்சம், ஏமாற்றும் கான்ட்ராக்டர்... ஒவ்வொரு ரூபாயும் போகும்போது நமக்கே வலிக்கும். அர்ச்சனாவுக்குத் தேசிய விருது சும்மா கிடைக்கவில்லை.

நாளைக்கு இன்னொருத்தர் கணக்கில் கையெழுத்துப் போடப்போகிறவர்கள் நாம். ஹர்ஷத்தைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சுதாவையும் பார்த்துவிட்டு வந்து ஸ்டேட்டஸ் வையுங்கள்.