கோப்புக்குத் தமிழில பேர் வைக்கக் கூடாதோ?

தமிழில கணினி வேலை செய்யிற கனபேரிட்ட ஒரு பழக்கம் இருக்கு. கோப்புக்குள்ள இருக்கிறது முழுக்கத் தமிழ். கோப்பின்ர பேர் மட்டும் ஆங்கில எழுத்தில, இடைவெளிக்குப் பதிலா அடிக்கோடு. ஏன் எண்டு கேட்டால், "தமிழில வைச்சால் கொமாண்ட் ஓடாது தம்பி" எண்டு பதில் வரும். இங்க பிறம்ரனில, ஊர்ச்சங்கத்தின்ர பழைய மலர்களை ஸ்கான் பண்ணி வைச்சிருக்கிற ஒரு அண்ணையும் இதையேதான் சொன்னார். எனக்கு இதில உடன்பாடில்லை.

பாமினி காலத்தில இது நியாயம்தான். 'அம்மா' எண்டு அடிச்சால், அந்த எழுத்துரு இல்லாத இடத்தில ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாத்தான் தெரியும். ஆனால் யுனிகோட்டில 1991இலேயே தமிழ் வந்திட்டுதே!

அண்ணைக்கு வேண்டியது இதுதான்: நூற்றுக்கணக்கான படங்களை ஒவ்வொண்டா டெசராக்ட்டுக்குக் குடுத்து எழுத்தாக்க வேணும். ஒரே கட்டளை, நீளமான பேர்ப் பட்டியல். இதுக்கெண்டே யுனிக்சில 1970களில வந்தது எக்ஸ்ஆர்க்ஸ். பட்டியலை வாங்கி, பேர்களைக் கட்டளைக்குப் பின்னால ஒட்டி ஓட்டும். ஆனால் இடைவெளியைக் கண்டால் பேர் முடிஞ்சுது எண்டு நினைச்சிடும். 'பொங்கல் மலர் 1994' மூண்டு துண்டாகி, மூண்டும் "அப்பிடி ஒரு கோப்பு இல்லை" எண்டு வரும்.

இதில தமிழ் என்ன பிழை செய்தது? 'ஆனுவல் ரிப்போர்ட்' எண்டு ஆங்கிலத்தில வைச்சாலும் இதே கதிதான். ஓ'பிறையன் எண்ட ஐரிஷ்காரரின்ர பேரில வாற ஒற்றை மேற்கோளுக்கே எக்ஸ்ஆர்க்ஸ் படுத்திடும் :-)

மருந்து சின்னன். ஃபைண்ட் கட்டளையில 'பிரிண்ட்0', எக்ஸ்ஆர்க்ஸில 'மைனஸ் 0'. பேருக்குப் பேர் நல் எண்ட பூச்சிய பைட்டால பிரிபடும். எந்தக் கோப்புப் பேரிலயும் அது வர முடியாது. பாஷில 'ஃபோர்' சுற்று எழுதிறதெண்டால் மாறியை இரட்டை மேற்கோளுக்குள்ள போடுங்கோ. டெசராக்ட்டுக்கு இன்னுமொண்டு: 'மைனஸ் ஐ' குடுத்து ஒவ்வொரு படமா அனுப்ப வேணும். இல்லாட்டில் ரெண்டாவது படத்தின்ர பேரை, விடையை எழுத வேண்டிய கோப்பின்ர பேர் எண்டு எடுத்திடும்.

தமிழுக்கெண்டே உள்ள சிக்கலும் ரெண்டு இருக்கு, மறைக்கேல்லை. யூடிஎஃப்-8இல தமிழ்க் குறி ஒவ்வொண்டும் 3 பைட். புள்ளியும் காலும் தனித்தனிக் கணக்கு. 'யாழ்ப்பாணம்' எங்கட கண்ணுக்கு 6 எழுத்து, கணினிக்கு 33 பைட். லினக்ஸில ஒரு பேருக்கு 255 பைட்தான், அதால கட்டுரைத் தலைப்பு முழுவதையும் பேரா வைக்க ஏலாது.

மற்றது கொஞ்சம் பொல்லாதது. 'கொ'வில வாற கொம்பும் காலும் ஒரே குறியாவும் இருக்கலாம், ரெண்டாப் பிரிஞ்சும் இருக்கலாம். மாக்கின்ர பழைய எச்எஃப்எஸ் பிளஸ் பிரிச்சுத்தான் சேமிக்கும். ரெண்டு 'கொழும்பு'ம் பார்வைக்கு ஒண்டு, ஆனால் லினக்ஸுக்கு வேற வேற. பட்டியலை ஓட்ட முதல் கொன்வ்எம்வி மாதிரி ஒண்டால பேர்களை என்எஃப்சி வடிவத்துக்கு மாத்தினால் சரி.

இவ்வளவும் ஒரு பின்னேர வேலை. மற்றப் பக்கத்தில போறதைப் பாருங்கோ: வலி, வழி, வளி, வாலி நாலும் ஆங்கில எழுத்தில ஒரே பேராப் போயிடும். 1998இல தொடங்கின மதுரைத் திட்டம், 2005இல தொடங்கின நூலகம் எண்டு எத்தினை பேர் கைக்காசும் நேரமும் போட்டுத் தமிழை எண்ணிமமாக்கினவை. அப்பிடிச் சேர்க்கிறதை நாளைக்கு ஒருத்தர் தேடேக்க, முதலில தட்டுப்படுறது பேர்தானே. 1981இல யாழ் நூலகம் எரிஞ்ச ஊரின்ர ஆக்கள், கொமாண்டுக்காகத் தலைப்பைச் சிதைக்கிறது எனக்குப் பொறுக்கேல்லை.

பவர்ஷெல் பேரை வெறும் எழுத்தா இல்லாமல் கோப்பாவே கைமாத்திறதால, இடைவெளிப் பிரச்சினை அங்க குறைவு. ஆனால் 'கொ' விசயத்தை விண்டோஸில எப்பிடிச் சமாளிக்கிறியள்? தெரிஞ்ச ஆக்கள் பின்னூட்டத்தில சொல்லுங்கோ.