பழைய காருக்கு இ20 பெட்ரோல் ஒத்துக்குமா? கூலன்ட்டில் எதைக் கவனிக்கணும்?

பழைய கார் வைத்திருப்பவர்களின் புலம்பல் பெரும்பாலும் இரண்டுதான். 'முன்ன மாதிரி மைலேஜ் இல்ல' என்பது ஒன்று. 'சிக்னல்ல நின்னா ஹீட் ஏறுது' என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பங்க்கில் கிடைக்கும் பெட்ரோல் ஒரு காரணம். இரண்டாவதற்குப் பெரும்பாலும் ரேடியேட்டருக்குள் இருக்கும் தண்ணீர்தான் காரணம். பெட்ரோலைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு காரின் உரிமையாளருக்கு இப்போது ஏறக்குறைய இல்லை. கூலன்ட் விஷயம் முழுக்க அவர் கையில் இருக்கிறது.

இ20 என்றால் என்ன?

80 சதவீதம் பெட்ரோலும் 20 சதவீதம் எத்தனாலும் கலந்த எரிபொருள்தான் இ20. கரும்பு, மக்காச்சோளம், அரிசி போன்றவற்றிலிருந்து எத்தனால் எடுக்கப்படுகிறது. கச்சா எண்ணெய் இறக்குமதிச் செலவைக் குறைப்பதும், விவசாயிகளுக்கு வருமானம் கூட்டுவதும், புகையைக் குறைப்பதும் அரசு சொல்லும் காரணங்கள். 10 சதவீதக் கலப்பு இலக்கு 2022 ஜூனில் எட்டப்பட்டது. 2030-க்கு வைத்திருந்த 20 சதவீத இலக்கை முன்கூட்டியே கொண்டுவந்து, 2025-இல் எட்டிவிட்டார்கள்.

சிக்கல் யாருக்கு?

2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்களின் பாகங்கள் இ20-ஐத் தாங்கும்படி செய்யப்பட்டவை. அதற்கு முந்தைய கார்களில் பல, 10 சதவீதக் கலப்பு வரை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. அம்பாசடர், பிரீமியர் பத்மினி, கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800 எல்லாம் எத்தனால் பற்றிய பேச்சே இல்லாத காலத்தில் வந்தவை.

எத்தனால் கலக்காத பெட்ரோலும் பங்க்கில் கிடைக்க வேண்டும், கலப்பு அளவை எழுதி ஒட்ட வேண்டும் என்று கேட்ட பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது. பிரிட்டனில் 2021-இல் 10 சதவீதக் கலப்பு பொதுவானபோதுகூட, பழைய கார்களுக்காக 5 சதவீதக் கலப்புள்ள பெட்ரோல், கூடுதல் விலையில் என்றாலும், விற்பனையில் வைக்கப்பட்டது. இங்கே அப்படி ஒரு ஏற்பாடு இல்லை என்பதுதான் பலருக்கும் உள்ள ஆதங்கம்.

மைலேஜ் எவ்வளவு குறையும்?

ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. அதில் 20 சதவீதம் கலந்தால், கணக்குப்படி ஆறு, ஏழு சதவீதம் குறைய வேண்டும். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து 10 சதவீதக் கலப்புக்குச் சரிசெய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையும் சொன்னது. மத்திய பெட்ரோலிய அமைச்சகம் 2025 ஆகஸ்டில், 10 சதவீதக் கலப்புக்கு வடிவமைத்து இ20-க்குச் சரிசெய்த கார்களில் 1 முதல் 2 சதவீதமும், மற்றவற்றில் 3 முதல் 6 சதவீதமும் குறையலாம் என்றது.

லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்த கார், மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வையுங்கள். 6 சதவீதம் குறைந்தால் மாதம் 4 லிட்டருக்கு மேல் கூடுதலாக வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்றாலே 400 ரூபாய்க்கு மேல். அதுக்கு மேல் பாதியாகக் குறைந்துவிட்டது என்றால் பழியை எத்தனால் மேல் போட முடியாது. பிளக், ஏர் ஃபில்டர், டயர் காற்று, பிரேக் பிடிப்பு எல்லாவற்றையும் பார்க்கணும்.

எஞ்சினுக்கு என்ன ஆகும்?

எத்தனால் பழைய வகை ரப்பரை ஊறவைத்து, பிறகு வெடிக்க வைக்கும். ஹோஸ், கேஸ்கெட், பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரம் ஆகியவை முதலில் அடிவாங்கும். சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டருக்குப் பிறகு ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டி வரலாம் என்று அமைச்சகமே சொல்லியிருக்கிறது.

எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் தண்ணீர் அளவுக்கு மேல் சேர்ந்தால், எத்தனாலோடு சேர்ந்து டேங்க் அடியில் தங்கிவிடும். துருவும் ஸ்டார்ட்டிங் டிரபிளும் அப்படித்தான் வரும். ஆக்சிஜன் சென்சார் உள்ள இன்ஜெக்ஷன் கார் தானாகப் பெட்ரோல் அளவைக் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அது தெரியாது. கலவையில் பெட்ரோல் குறைந்து, வண்டி திணறும், சூடும் ஏறலாம்.

பிரீமியம் பெட்ரோல் போட்டால் சரியாகுமா?

பிரீமியம் என்ற பெயர் இருப்பதாலேயே எத்தனால் இல்லை என்று அர்த்தமில்லை. எத்தனால் கலக்காத 100 ஆக்டேன் பெட்ரோல் சில பங்க்குகளில் கிடைக்கிறது. விலை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பழைய எஞ்சினுக்கு அவ்வளவு ஆக்டேன் தேவையே இல்லை. எப்போதாவது மட்டும் எடுக்கும் பழங்காலக் காருக்கு, எத்தனால் இல்லை என்பதற்காக அதைப் போடலாம். தினமும் ஓடும் காருக்குக் கட்டுப்படியாகாது.

கூலன்ட் எதற்கு? தண்ணீர் போதாதா?

'நம்ம ஊர்ல பனியா கொட்டுது, தண்ணி ஊத்துனா போதும்' என்று சொல்பவர்கள் உண்டு. உறையாமல் காப்பது கூலன்ட்டின் ஒரு வேலை மட்டுமே. பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் 107 டிகிரி செல்சியஸ் அளவில்தான் கொதிக்கும். ரேடியேட்டர் மூடியின் அழுத்தம் சேர்ந்தால் இன்னும் மேலே போகும். துருப்பிடிக்காமலும் காக்கும். போர் தண்ணீர் ஊற்றினால், வீட்டுக் குழாயில் படிவது போலவே உப்பு ரேடியேட்டரிலும் படிந்து வழியை அடைக்கும்.

எந்த கூலன்ட்?

நிறத்தை நம்பக் கூடாது. ஒரே பச்சையில் இரண்டு வகை ரசாயனம் வரலாம். காரின் கையேட்டில் சொல்லியிருக்கும் வகைதான் முக்கியம். பித்தளை ரேடியேட்டரும் ஈயப் பற்றும் உள்ள பழைய கார்களுக்கு, சிலிகேட் கலந்த பழைய வகை கூலன்ட் பாதுகாப்பானது. அதை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அலுமினிய ரேடியேட்டர் வைத்த பிந்தைய கார்களில் பலவற்றுக்கு ஆர்கானிக் அமில வகை. அது ஐந்து வருஷம் வரை தாங்கும். இரண்டையும் கலந்தால் துருத் தடுப்பு பலவீனமாகும், சில நேரம் கூழாகவும் கட்டும். வகை மாற்றுவதானால் முழுக்க ஃபிளஷ் செய்துவிட்டு ஊற்றுங்கள். அடர்த்தியான கூலன்ட்டில் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் கலக்கலாம். 'ரெடி டு யூஸ்' என்று இருந்தால் தண்ணீரே சேர்க்க வேண்டாம்.

சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கூலன்ட் இனிக்கும் விஷம். வடித்ததைத் திறந்த வாளியில் விட்டுவைத்தால் குழந்தைகளுக்கும் நாய், பூனைகளுக்கும் ஆபத்து.

இப்போ என்ன பண்ணலாம்?

பெட்ரோல் மூடியின் உள்பக்கத்தையும் கையேட்டையும் பார்த்து, உங்கள் கார் எந்தக் கலப்பு வரை தாங்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். அடுத்த சர்வீசில் பெட்ரோல் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றச் சொல்லுங்கள். இ20 பழைய டேங்க்கின் அழுக்கைக் கரைத்துக் கொண்டுவரும் என்பதால் ஃபில்டரையும் மாற்றுங்கள். கார்புரேட்டர் இருந்தால் டியூனிங் செய்யுங்கள். வண்டியை வாரம் ஒருமுறையாவது ஓட்டுங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் அன்றைக்கே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்; ஒழுகும் ஹோஸ் தீப்பிடிக்கவும் காரணமாகலாம்.

பெட்ரோல் மாறுவது இது முதல்முறை அல்ல. 2000-ஆம் ஆண்டில் நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றபோதும் பழைய வண்டிகள் சமாளித்தன. ஆனால் அன்றும் இன்றும் சமாளிக்கும் செலவு வண்டிக்காரர் தலையில்தான் விழுகிறது. புதுக் கார் வாங்க வசதியில்லாதவர்தான் பழைய காரை அதிகம் ஓட்டுகிறார். அவருக்குப் பங்க்கில் ஒரு மாற்று வேண்டுமா என்ற கேள்வி, வழக்கு தள்ளுபடியானதோடு முடிந்துவிடவில்லை.